பென்டிரைவில் வந்த கல்யாண வீடியோ, பழைய டிவிடி பிளேயரில் ஓட வேண்டும்

#1 தேனிக்காற்று

கல்யாண வீடியோ எம்பி4 கோப்புகளாகப் பென்டிரைவில் வந்திருக்கிறது. நிச்சயதார்த்தமும் மாப்பிள்ளை அழைப்பும் சேர்ந்து 1 மணி 10 நிமிடம், முகூர்த்தம் 2 மணி 5 நிமிடம், வரவேற்பு 1 மணி 25 நிமிடம். மூன்றும் 1920க்கு 1080, நொடிக்கு 25 ஃப்ரேம். ஓட வேண்டிய இடம் 21 அங்குல குண்டு டிவி. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் மாட்டிய பழைய டிவிடி பிளேயர். யுஎஸ்பி துளை கிடையாது.

கோப்பை அப்படியே காலி டிவிடியில் பர்ன் செய்து போட்டால் பிளேயர் 'நோ டிஸ்க்' என்கிறது. அதே டிஸ்க் கணினியில் ஓடுகிறது. மூன்றையும் ஒரே டிஸ்க்கில் அடக்க முடியுமா? பார்க்கப் போகிறவர்கள் வயதானவர்கள். ரிமோட்டில் எதையும் தேடாமல், போட்டவுடன் ஓட வேண்டும்.

#2 வட்டுப்பெட்டி

டிஸ்க்கில் கோளாறு இல்லை. நீங்கள் செய்தது டேட்டா டிவிடி. பிளேயர் எதிர்பார்ப்பது வீடியோ டிவிடி. இரண்டும் ஒரே பிளாஸ்டிக்தான், உள்ளே இருப்பதுதான் வேறு. பழைய பிளேயர் டிஸ்க்கைப் பிடித்ததும் 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரைத் தேடும். அதற்குள் ஐஎஃப்ஓ, பியுபி, விஓபி என மூன்று வகைக் கோப்புகள் இருக்க வேண்டும். படமும் ஒலியும் விஓபியில், 1 ஜிபிக்கு மிகாத துண்டுகளாக. எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எந்தப் பட்டனுக்கு எங்கே போக வேண்டும் என்ற வரைபடம் ஐஎஃப்ஓவில். அந்த வரைபடத்தின் நகல்தான் பியுபி. கீறல் விழுந்தால் கைகொடுக்க.

விஓபிக்குள் இருக்கும் படம் எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கியது. உங்கள் எம்பி4க்குள் இருப்பது பெரும்பாலும் எச்.264. அந்தப் பிளேயரின் சிப்புக்கு அதை அவிழ்க்கத் தெரியாது. கோப்பின் பெயரை மாற்றினாலோ, ஃபோல்டருக்கு வீடியோ_டிஎஸ் என்று பெயர் வைத்து எம்பி4ஐ உள்ளே போட்டாலோ ஒன்றும் நடக்காது. செய்ய வேண்டிய வேலை மூன்று: எம்பெக்-2 ஆக மாற்றுவது, டிவிடி அமைப்பில் கட்டுவது, பிறகு பர்ன் செய்வது. மூன்றையும் ஒரே பட்டனில் செய்யும் மென்பொருள் உண்டு. ஆனால் எங்கே தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்திருப்பது நல்லது.

#3 கடைசிபெஞ்ச்

இந்தக் காலத்தில் டிஸ்க்கா? பென்டிரைவ் ஓட்டும் ஒரு சின்னப் பெட்டி, எச்டிஎம்ஐ இல்லாத டிவிக்கு ஏவி கன்வெர்ட்டர் ஒன்று. வேலை முடிந்தது.

#4 மஞ்சள்வயர்

முடியும். ஆனால் கேட்டவர் சொன்ன கடைசி வரியைப் பாருங்கள். அந்தப் பெட்டி வந்தால் இரண்டாவது ரிமோட், அதில் ஃபோல்டர் பட்டியல், ஆங்கிலத்தில் கோப்புப் பெயர்கள், டிவியில் ஏவி சேனல் மாற்றும் வேலை எல்லாம் கூடவே வரும். டிஸ்க்கை உள்ளே தள்ளினால் போதும் என்ற பழக்கத்தைப் பறித்துவிட வேண்டாம்.

#5 சட்டகம்25

ஒரே டிஸ்க் கேள்விக்கு முதலில் வருகிறேன், மற்ற எல்லா முடிவும் அதில்தான் தொங்குகிறது.

டிவிடியில் படத்தின் தரத்தை முடிவு செய்வது நிமிடக் கணக்கு. மூலக் கோப்பு 2 ஜிபியா 20 ஜிபியா என்பது இங்கே கணக்கிலேயே வராது. அட்டையில் 4.7 ஜிபி என்று போட்டிருப்பது 470 கோடி பைட். விண்டோஸ் அதையே 4.38 ஜிபி என்று காட்டும். விளிம்பு வரை நிரப்பாமல் 460 கோடி பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டால் பெருக்கினால் 3 கோடியே 68 லட்சம் கிலோபிட். இதை ஓடும் நொடிகளால் வகுக்க வேண்டும். படத்தையும் ஒலியையும் பொட்டலமாகக் கட்டும்போது வீணாவதற்கு 3 சதவீதம் கழிக்க வேண்டும். ஒலிக்கு 192 கிலோபிட் கழிக்க வேண்டும். மிச்சம்தான் படத்துக்கு.

மூன்றையும் ஒன்றாக்கினால் 280 நிமிடம், அதாவது 16,800 நொடி. நொடிக்கு 2190 கிலோபிட் வரும். கழித்தபின் படத்துக்குச் சுமார் 1900. டிவிடியின் 720க்கு 576 அளவில் எம்பெக்-2க்கு இது பஞ்சம். அசையாத முகங்கள் தப்பிக்கும். தாலி கட்டும் நொடியில் நாலாபுறமும் ஃபிளாஷ் மின்னி, நூறு கைகளிலிருந்து அட்சதை பறக்கும்போது படம் சதுரம் சதுரமாக உடையும். படத்தைச் சுருக்கும் என்கோடருக்கு அதைவிடக் கொடுமையான காட்சி கிடையாது. ஒவ்வொரு அரிசியும் தனித்தனிப் பாதையில் போகிறது, முந்தைய ஃப்ரேமிலிருந்து கடன் வாங்க எதுவும் இல்லை. போதாக்குறைக்கு ஃபிளாஷ் அடித்த ஃப்ரேம் முழுவதும் வெளுத்து, முன்னும் பின்னும் ஒட்டாமல் நிற்கும். குடும்பம் திரும்பத் திரும்பப் பார்க்கப் போவதும் அதே பத்து நொடியைத்தான்.

முகூர்த்தத்துக்குத் தனி டிஸ்க் கொடுங்கள். 125 நிமிடம், 7500 நொடி: படத்துக்குச் சுமார் 4500 கிடைக்கும், போதும். மற்ற இரண்டையும் சேர்த்தால் 155 நிமிடம்: சுமார் 3600. ஏற்கலாம். மூன்று டிஸ்க் என்றால் நிச்சயதார்த்தத்துக்கு 7000க்கு மேலேயே கொடுக்கலாம், ஆனால் 21 அங்குல டிவியில் 5000க்கு மேல் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

#6 கடைசிபெஞ்ச்

கணக்கு சரி. 70 நிமிடக் கோப்புக்கு ஏன் கஞ்சத்தனம்? டிவிடி விதியில் படத்துக்கு 9800 வரை இடம் உண்டே. 9500 போட்டு நிரப்பிவிடலாம்.

#7 வட்டுப்பெட்டி

விதியில் 9800 உண்டு. படம், ஒலி எல்லாம் சேர்ந்து 10,080. ஆனால் அந்த விதி அச்சில் அழுத்திச் செய்யும் டிஸ்க்கை மனதில் வைத்துப் போட்டது. நாம் வீட்டில் எழுதுவது சாயப் பூச்சில் லேசர் சுட்ட தடம். வயதான லேசர் அதை ஒரே மூச்சில் படிக்காமல் திரும்பத் திரும்பப் படிக்கும். உச்ச பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு மிக அதிகக் கிலோபிட் வரும் இடத்தில், திரும்பப் படிக்க நேரம் இருக்காது. படம் உறைந்து, ஒலி வெட்டி, பிறகு தொடரும். சராசரி என்னவாக இருந்தாலும் உச்சத்தை 8000இல் கட்டுங்கள். பிளேயர் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும் பஃபரின் அளவு 18,35,008 பிட், இதை மாற்றாதீர்கள்.

விளிம்பு வரை நிரப்ப வேண்டாம் என்று சட்டகம்25 சொன்னதற்கும் இதுதான் காரணம். டிவிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படும். மலிவான டிஸ்க்கில் பூச்சு சீரில்லாத இடம் பெரும்பாலும் வெளி விளிம்பு. 'முக்கால் படம் நன்றாக ஓடுகிறது, கடைசியில் சிக்குகிறது' என்று வரும் புகார்களில் பாதி இந்த வகை.

#8 தேனிக்காற்று

இரண்டு டிஸ்க் என்று முடிவு. மாற்றும்போது என்னென்ன அளவுகள் கொடுக்க வேண்டும்? விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் இருக்கிறது.

#9 சட்டகம்25

படம்: எம்பெக்-2, 720க்கு 576, 25 ஃப்ரேம், பால் (PAL, நம் ஊர் டிவி முறை). உங்கள் மூலமும் 25 என்பதால் ஃப்ரேம் கணக்கில் தலைவலி இல்லை. 720க்கு 576 என்பது 16:9 வடிவம் இல்லையே என்று குழம்ப வேண்டாம். டிவிடியில் பிக்சல் சதுரம் கிடையாது. 1920ஐ அகலவாட்டில் நெருக்கி 720இல் அடைத்துவிட்டு, 'இது 16:9' என்று ஒரு கொடி ஏற்றிவிடுவோம். பிளேயர் அதைப் பார்த்து விரிக்கும். கொடி மறந்தால் எல்லோரும் ஒல்லியாக, உயரமாகத் தெரிவார்கள்.

ஜிஓபி, அதாவது ஒரு முழு ஃப்ரேமும் அதைச் சார்ந்து நிற்கும் ஃப்ரேம்களும் சேர்ந்த கூட்டம், 15 ஃப்ரேமுக்கு மேல் போகக் கூடாது. சில கன்வெர்ட்டர்கள் 250 என்று வைத்திருக்கும். அந்தக் கோப்பைக் கட்டும் மென்பொருள் திருப்பி அனுப்பும், இல்லையென்றால் ஃபார்வர்டு அழுத்தினால் பிளேயர் தொங்கும்.

ஒலி: ஏசி3, 192 கிலோபிட், ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ். மூலத்தில் 44.1 இருந்தால் 48க்கு மாற்றியே ஆக வேண்டும். எம்பி3 ஒலி வீடியோ டிவிடியில் செல்லாது. பால் நாட்டுப் பிளேயர்கள் எம்பி2 ஒலியையும் ஏற்கும், எனவே ஏசி3 இல்லாவிட்டாலும் நாம் பிழைத்துக்கொள்ளலாம். நாதஸ்வரமும் தவிலும் ஏற்கெனவே உச்சத்தில் பதிவாகி இருக்கும். 'ஒலியைக் கூட்டு' என்ற பெட்டியை டிக் செய்யாதீர்கள், கெட்டிமேளம் கிழிந்து கேட்கும்.

இன்டர்லேஸ், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு அரையாகப் பிரிக்கும் என்கோடிங், வேண்டாம். மூலம் 25 முழு ஃப்ரேம் என்றால் அப்படியே விடுங்கள். கேமரா 1080i முறையில், அதாவது நொடிக்கு 50 அரை ஃப்ரேம்களாக எடுத்திருந்தால் மட்டும் இன்டர்லேஸாக வைத்து, மேல் ஃபீல்டு முதலில் என்று கொடுங்கள். சிறிதாக்கும் ஃபில்டருக்கும் இன்டர்லேஸ் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அசையும் எல்லாவற்றின் ஓரத்திலும் சீப்புப் பல் தெரியும். ஃபீல்டு வரிசை தலைகீழானால் நடப்பவர்கள் முன்னும் பின்னும் துடிப்பார்கள். கணினியில் இது தெரியாது, டிவியில்தான் தெரியும்.

எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் கருவியைப் பயன்படுத்துபவர்கள் 'டார்கெட்' என்ற இடத்தில் பால்-டிவிடி என்று கொடுத்தால் பெரும்பாலானவை தானாக அமையும்: பிட்ரேட் 6000, உச்சம் 9000, ஒலி 448, ஜிஓபி 15. இவற்றில் பிட்ரேட்டையும் உச்சத்தையும் ஒலியையும் உங்கள் கணக்குப்படி மாற்றி எழுதுங்கள். 16:9 கொடியைத் தனியாகக் கொடுங்கள். இரண்டு பாஸ் ஓட்டுங்கள். முதல் பாஸில் எங்கே கடினம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டாவதில் ஹோமப் புகைக்கும் அட்சதைக்கும் அதிகம் ஒதுக்கும், ஐயர் மந்திரம் சொல்லும் அசையாத இடங்களில் மிச்சம் பிடிக்கும். ஒரே பாஸில் முடித்தால் கோப்பின் கடைசி அளவு உங்கள் கையில் இல்லை.

#10 மஞ்சள்வயர்

இரண்டு விஷயம் சேர்க்கிறேன், இரண்டும் பட்டுச்சேலையில்தான் தெரியும்.

ஒன்று, நிறம். எச்டி படத்தின் நிறக் கணக்கு 709, டிவிடியின் கணக்கு 601. சிறிதாக்கும்போது இதையும் மாற்ற வேண்டும். மென்பொருள் தானாகச் செய்யும் என்று நம்பாமல், ஸ்கேல் ஃபில்டரில் உள்ளே 709, வெளியே 601 என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் படம் பார்க்க மோசமாக இருக்காது, ஆனால் அரக்குச் சேலையும் வாழை இலையும் மூலத்தில் இருந்த நிறத்தில் இருக்காது. காரணம் தெரியாமல் டிவியின் கலரைத் திருகிக்கொண்டிருப்போம்.

இரண்டு, சரிகை. குண்டு டிவி ஒற்றைப்படை வரிகளை ஒரு முறை, இரட்டைப்படை வரிகளை மறுமுறை வரையும். சரிகைக் கரையின் மெல்லிய கோடு ஒரே ஒரு வரியில் மட்டும் இருந்தால், அது நொடிக்கு 25 முறை தோன்றி மறையும். கரை முழுவதும் எறும்பு ஊர்வது போல மினுங்கும். எச்டியைக் கூர்மையான லான்சோஸ் முறையில் சிறிதாக்கும்போது இது அதிகம். பைகியூபிக் போதும். அப்படியும் மினுங்கினால் செங்குத்தாக மட்டும் லேசான மங்கல் கொடுங்கள். எல்சிடியில் பார்த்தால் ஒரு துளி மொத்தையாகத் தெரியும், குண்டு டிவியில் கண்ணுக்கு நிம்மதி.

#11 அரைமாத்திரை

லினக்ஸில் கட்டும் வேலைக்கு டிவிடிஆதர். ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பு எழுதினால் போதும். புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: வீடியோ ஃபார்மட் எது என்று சூழல் மாறியில் பால் என அறிவிக்காவிட்டால், ஃபார்மட் குறிப்பிடவில்லை என்று சொல்லி நின்றுவிடும். எக்ஸ்எம்எல்லில் 16:9 என்று போடும் அதே இடத்தில் 'நோபான்ஸ்கேன்' என்பதையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் குண்டு டிவியில் சில பிளேயர்கள் இரண்டு பக்கத்தையும் வெட்டி நடுவை மட்டும் காட்டும். குரூப் ஃபோட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா காணாமல் போவார்.

மெனு வேண்டாம் என்பதால், டிஸ்க் நுழைந்தவுடன் முதல் டைட்டிலுக்குத் தாவு என்ற ஒரு வரி. முதல் டைட்டில் முடிந்ததும் இரண்டாவதுக்குத் தாவு என்ற ஒரு வரி. அவ்வளவுதான்.

சாப்டர்களை ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். காசி யாத்திரை, ஊஞ்சல், கன்னிகாதானம், தாலி கட்டுதல், அருந்ததி பார்த்தல் என்று நேரம் குறித்துப் போடுங்கள். ரிமோட்டில் அடுத்த பட்டனை மூன்று முறை அழுத்தினால் தாலி என்பது மெனுவைவிடச் சுலபம். ஆனால் சாப்டர் ஒரு ஜிஓபியின் தொடக்கத்தில்தான் நிற்கும். என்கோட் செய்யும்போதே அந்த நேரங்களில் கீஃப்ரேம் (ஜிஓபியைத் தொடங்கும் முழு ஃப்ரேம்) கட்டாயம் என்று கொடுத்துவிட்டால் துல்லியமாக வரும். விட்டுவிட்டால் அரை நொடி வரை தள்ளி நிற்கும், பெரிய குற்றமில்லை.

#12 வட்டுப்பெட்டி

விண்டோஸில் செய்வதானால் டிவிடிஸ்டைலர் அல்லது ஏவிஎஸ்டூடிவிடி, இரண்டும் இலவசம். டிவிடிஸ்டைலரில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போதே பால், 16:9, 4.7 ஜிபி, ஏசி3 என்று தேர்ந்தெடுத்துவிட்டு, மெனு டெம்ப்ளேட் எதுவும் வேண்டாம் என்று விடுங்கள். இரண்டு பாஸ் வேண்டும் என்றால் ஏவிஎஸ்டூடிவிடி. அது எச்சிஎன்க் என்ற என்கோடரோடு சேர்ந்து வேலை செய்யும். ஹேண்ட்பிரேக்கைப் பலர் சொல்வார்கள். அது டிவிடியிலிருந்து கோப்பு எடுக்கும் கருவி, எதிர்த்திசை வேலைக்கு ஆகாது. விண்டோஸ் 7இல் கூடவே வந்த டிவிடி மேக்கரும் 8இலிருந்து கிடையாது.

எதில் செய்தாலும் நேராக டிஸ்க்கில் எழுதச் சொல்லாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் வீடியோ_டிஎஸ் ஃபோல்டராகவோ, முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக்கிய ஐஎஸ்ஓவாகவோ எடுத்து, விஎல்சியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒலி விலகுகிறதா, வடிவம் சரியா, சாப்டர் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க மட்டும்தான் இது. விஎல்சியில் ஓடியது பிளேயரில் ஓடும் என்பதற்குச் சாட்சி ஆகாது. விஎல்சி எதைக் கொடுத்தாலும் ஓட்டும்.

#13 தேனிக்காற்று

கேட்க விட்டுப்போனது இரண்டு. 6 நிமிட அவுட்டோர் ஷூட் ஒன்று 23.976 ஃப்ரேமில் இருக்கிறது, பின்னணியில் பாட்டு. செல்ஃபோனில் எடுத்த துண்டுகளும் உண்டு, பாதி நெட்டுவாக்கில். அவற்றை ஒட்டிப் பார்த்தால் போகப்போக வாய் ஒருபக்கம், சத்தம் ஒருபக்கம்.

#14 சட்டகம்25

23.976ஐ 25 ஆக்க இரண்டு வழி. சும்மா மாற்று என்றால் மென்பொருள் நொடிக்கு ஒரு ஃப்ரேமை இரட்டிப்பாக்கும். நின்று பேசும் காட்சியில் தெரியாது, ஆனால் அவுட்டோர் ஷூட்டில் கேமரா சுற்றிக்கொண்டே இருக்கும், நொடிக்கு ஒருமுறை சின்னத் தடுக்கல் தெரியும். மற்ற வழி, ஃப்ரேம்களை அப்படியே வைத்து 25 வேகத்தில் ஓட்டுவது. 4.27 சதவீதம் வேகம் கூடும். 6 நிமிடம் 5 நிமிடம் 45 நொடி ஆகும். பார்வைக்கு யாருக்கும் தெரியாது. ஒலியை அதே போல இழுத்தால் சுருதி ஏறும், ஒரு அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு. தெரிந்த பாட்டு என்றால் காது கண்டுபிடித்துவிடும். ஆகவே ஒலிக்கு டெம்போவை மட்டும் மாற்றும் ஃபில்டர், 1.0427. சுருதி அங்கேயே நிற்கும்.

செல்ஃபோன் விலகலுக்குக் காரணம் மாறும் ஃப்ரேம் வேகம். வெளிச்சம் குறைந்தால் ஃபோன் தானே 30லிருந்து 24, 20 என்று இறங்கும், பிறகு ஏறும். கோப்பில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேரம் குறித்திருக்கும், ஃபோன் அதைப் பார்த்துச் சரியாக ஓட்டும். எடிட்டர் அதைப் பார்க்காமல் சராசரியை வைத்து ஓட்டினால் விலகும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டையும் நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒட்டியபின் ஒலியை நகர்த்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஒரு இடம் சேர்ந்தால் இன்னொரு இடம் பிரியும்.

30ஐ 25 ஆக்கினால் ஆறில் ஒரு ஃப்ரேம் போகும், கொஞ்சம் வெட்டும். மணமேடை ஓரத்தில் குழந்தைகள் ஆடும் துண்டுக்கு அது பரவாயில்லை.

#15 மஞ்சள்வயர்

செல்ஃபோன் துண்டுகளை மட்டும் தனி டிஸ்க்கில் அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சியாக, 29.97 ஃப்ரேமில், 720க்கு 480 அளவில் செய்தால் வெட்டாது. ஆனால் டிவியைப் பார்த்துச் செய்யுங்கள். பாலின் நிறச் சைகை 4.43 மெகாஹெர்ட்ஸில், என்டிஎஸ்சியின் நிறச் சைகை 3.58இல். பழைய டிவிக்கு இரண்டாவது தெரியாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையில் வரும், அல்லது உருண்டு ஓடும். பிளேயர் ரிமோட்டில் பால்/என்டிஎஸ்சி பட்டன் இருந்தால் ஆட்டோவில் வைத்துச் சோதிக்கலாம். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

நெட்டுவாக்குப் படத்துக்குக் கணக்கு: உயரம் 576, அகலம் 228. இரண்டு பக்கமும் 246 கறுப்பு. 9:16 என்றால் அகலம் 324 அல்லவா என்று கேட்பீர்கள். சதுரப் பிக்சலில் 324தான். 16:9 கொடி விரிக்கும் என்பதால் முன்கூட்டியே நெருக்கி 228 ஆக வைக்கிறோம்.

#16 கடைசிபெஞ்ச்

ஒரு கேள்வி, கிண்டல் இல்லை. வெளிநாட்டில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக யார் யார் என்று கீழே பெயர் வர வேண்டும், வேண்டாதபோது மறைக்க வேண்டும். சப்டைட்டிலாகத் தமிழில் போட முடியுமா? முயன்றால் கொம்பு எல்லாம் இடம் மாறி வருகிறது.

#17 அரைமாத்திரை

டிவிடி சப்டைட்டில் எழுத்து கிடையாது, படம். நான்கே நிறம்: பின்புலம், எழுத்து, ஓரம், ஓரத்தை மழுப்ப ஒன்று. உங்கள் எஸ்ஆர்டியை, அதாவது நேரம் குறித்த எழுத்துக் கோப்பை, யாரோ படமாக வரைந்து உள்ளே வைக்கிறார்கள், அந்த வரைபவருக்குத் தமிழ் தெரியவில்லை. யூனிகோடில் 'கொ' என்பது 'க'வுக்குப் பின் ஒரு குறி. அதைப் பிரித்து, கொம்பை முன்னே, காலைப் பின்னே வைக்க வேண்டியது வரையும் மென்பொருளின் பொறுப்பு. ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் வரைபவை இதைச் செய்வதில்லை.

விண்டோஸில் சப்டைட்டில் எடிட்டில் திறந்து, வாப்சப் என்ற டிவிடி சப்டைட்டில் பட வகையாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எழுத்துரு நிர்மலா யுஐ அல்லது லதா, தடித்த வகை. 576 வரிப் படத்தில் 34 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள். அதற்குக் கீழே போனால் 'ணை'யும் 'னை'யும் ஒன்றாகிவிடும். நிறம் மங்கிய வெள்ளை, கறுப்பு ஓரம். சிவப்பு எழுத்து மஞ்சள் வயரில் கசியும். நான்கு ஓரத்திலும் பத்து சதவீதம் விலகி இருக்கட்டும். குண்டு டிவி ஓரங்களை விழுங்கும். கீழ் வரியில் பெயர் போட்டால் பாதி சட்டத்துக்குள் போய்விடும்.

எஸ்ஆர்டியைச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8. பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியலைக் கொண்டுவந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் மாமா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும்.

#18 வட்டுப்பெட்டி

இனி பர்ன். பழைய பிளேயருக்கு டிவிடி-ஆர், அதாவது மைனஸ் வகை வாங்குங்கள். பிளஸ் வகைதான் கிடைத்தது என்றால், ரைட்டர் அனுமதித்தால் புக்டைப்பை, அதாவது டிஸ்க் தன் வகை என்ன என்று பிளேயருக்குச் சொல்லும் குறியை, டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதுங்கள். கவனம், ஆர்ஓஎம், ஆர்ஏஎம் அல்ல. பிளேயர் அதை அச்சு டிஸ்க் என்று எண்ணிக்கொள்ளும். ஆர்டபிள்யூ வேண்டாம், அழித்து எழுதலாம் என்று ஆசையாக இருக்கும், ஆனால் அது ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகக் குறைவு, பழைய லேசருக்குக் கண் தெரியாது.

டபுள் லேயர், அதாவது 8.5 ஜிபி டிஸ்க்கில் எல்லாம் அடங்குமே என்று அடுத்த கேள்வி வரும். அடங்கும். ஆனால் அடுக்கு மாறும் இடத்தைச் சரியான எல்லையில் வைக்க வேண்டும், மாறும்போது ஒரு நொடி நிற்கும், உங்கள் பிளேயரின் வயதுக்கு அது இரண்டாவது அடுக்கைப் பிடிக்குமா என்பதே சந்தேகம். இரண்டு சாதா டிஸ்க் போதும்.

விண்டோஸில் இம்க்பர்ன். ஃபோல்டரிலிருந்து டிஸ்க்குக்கு எழுது என்பதில் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைக் கொடுத்தால், அது வீடியோ டிவிடி என்று புரிந்துகொண்டு கோப்புகளை உரிய வரிசையில் அடுக்கும். ஐஎஃப்ஓவையும் அதன் நகலையும் ஒரே கீறலில் இரண்டும் போகாதபடி 32 கிலோபைட் எல்லை தாண்டிப் பிரித்து வைக்கும். லினக்ஸில் குரோஐசோஎஃப்எஸ், அதில் 'டிவிடி-வீடியோ' என்றும் 'டிவிடி-காம்பாட்' என்றும் இரண்டு குறிப்பு. இரண்டாவதை மறந்தால் டிஸ்க் ஃபைனலைஸ் ஆகாமல், அதாவது எழுதி முடித்து மூடப்படாமல், போகலாம். கணினி படிக்கும், பிளேயர் படிக்காது.

வேகம்: 16எக்ஸ் என்று போட்ட டிஸ்க்கை 8எக்ஸில் எழுதுங்கள். 4எக்ஸ் இன்னும் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லா டிஸ்க்கிலும் அப்படி அல்ல. வேக டிஸ்க்கின் சாயம் வேகத்துக்கென்று செய்தது, மிக மெதுவாகச் சுட்டால் பிழை கூடவும் கூடும். எழுதியதும் வெரிஃபை ஓட்டுங்கள்.

#19 தேனிக்காற்று

முகூர்த்த டிஸ்க் முடிந்தது. சராசரி 4500, உச்சம் 8000, டிவிடி-ஆர், 8எக்ஸ். போட்டவுடன் ஓடுகிறது, சாப்டர் சரி. ஆனால் எல்லோரும் நெட்டையாகத் தெரிகிறார்கள். கொடி 16:9 என்றுதான் கொடுத்தேன், விஎல்சியில் சரியாக இருக்கிறது.

#20 மஞ்சள்வயர்

டிஸ்க் சரி, பிளேயர் செட்டிங் தவறு. செட்டப்பில் டிவி வகை 16:9 என்று இருக்கிறது, உங்கள் டிவியோ 4:3. அகல டிவி விரித்துக்கொள்ளும் என்று நினைத்துப் பிளேயர் நெருக்கிய படத்தையே அனுப்புகிறது. '4:3 லெட்டர்பாக்ஸ்', சுருக்கமாக '4:3 எல்பி', என்று மாற்றுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், முகம் சரியாகும். '4:3 பிஎஸ்' என்பது பான்ஸ்கேன், அதைத் தொட வேண்டாம். டிஸ்க் ஓடும்போது செட்டப் திறக்காத பிளேயர்கள் உண்டு. டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

#21 தேனிக்காற்று

சரியானது. அட்சதை உடையவில்லை, சரிகையும் மினுங்கவில்லை. டிஸ்க் மேல் கலர் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

#22 கடைசிபெஞ்ச்

ஸ்டிக்கரும் வேண்டாம், மார்க்கரும் வேண்டாம். மை இறங்கிச் சாயத்தைத் தின்றுவிடும்.

#23 வட்டுப்பெட்டி

மை விஷயம் சிடிக்குச் சொன்னது. சிடியில் பதிவு மேல்பக்க வார்னிஷுக்கு நேர் கீழே இருக்கும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் மேலே, 0.6 கீழே, நடுவில்தான் பதிவு. சிடி மார்க்கரால் ஒன்றும் ஆகாது. ஸ்டிக்கர்தான் ஆபத்து. கொஞ்சம் நகர்ந்து ஒட்டினாலும் டிஸ்க் சுழலும்போது ஆடும், லேசர் தடத்தைத் தவறவிடும், வெயிலில் ஓரம் பிரிந்தால் பிளேயருக்குள் மாட்டிக்கொள்ளும். நடுத் துளையைச் சுற்றியுள்ள நிறமில்லாத வளையத்தில் 1, 2 என்று பெரிதாக எழுதுங்கள், விவரத்தைக் கவரில் எழுதுங்கள். கவரையும் டிவிக்கு மேலே வைக்க வேண்டாம், அங்கே சூடு.

ஐஎஸ்ஓக்களை அழித்துவிடாதீர்கள். அடுத்த வாரம் அத்தை வீட்டுக்கு ஒரு செட் கேட்பார்கள்.